கன்னத்துல ஏத்தினதைக் கரைக்க முடியுமா அண்ணாச்சி?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். எனக்கு 41 வயசு. தம்பி கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி கன்னத்துக்கும் கண்ணுக்குக் கீழயும், பள்ளத்தை நிரப்புற ஃபில்லர் ஊசி போட்டுக்கிட்டேன். ரெண்டு சிரிஞ்ச், 46,000 ரூபாய். இப்ப ஆல்பம் வந்திருக்கு. சும்மா இருக்கிற போட்டோவுல ஒண்ணும் தெரியல. சிரிச்சா மட்டும் ரெண்டு கன்னமும் எலுமிச்சம்பழம் மாதிரி மேல ஏறி, கண்ணு இடுங்கிப் போகுது. கண்ணுக்குக் கீழ நீலம் பாரிச்ச மாதிரி ஒரு வரி வேற. பந்தியில வச்சே ஆச்சி, "ஏட்டி, குளவி கொட்டிட்டா?"ன்னு கேட்டுட்டா. போட்ட இடத்துல போய்ச் சொன்னா, "தாடையில இன்னொரு சிரிஞ்ச் போட்டா சமமாயிரும், 22,000 ஆகும்"ங்காங்க. போடலாமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம் தங்கச்சி. அந்த 22,000 பீரோவுலயே இருக்கட்டும்.

சுவத்துல ஒரு பக்கம் பூச்சு புடைச்சிட்டா, கொத்தனார் அதைக் கொத்தி எடுப்பார். மத்த பக்கத்தையும் புடைக்க வச்சிட்டு, "இப்ப சமமாயிட்டுல்லா"ன்னு கூலி கேட்டா விடுவோமா? முகம்னு வந்தா மட்டும் விட்டுருதோம். எனக்கு இதைப் பத்தி எழுதினவங்கள்ல, முதல் சிரிஞ்சோட நின்னவங்களை விட, அதைச் சரிபண்ணன்னு மூணு நாலுன்னு போனவங்க பாடுதான் திண்டாட்டமா இருக்கு.

நீங்க முதல்ல கேட்டு வாங்க வேண்டிய விவரம் ஒண்ணே ஒண்ணு: சிரிஞ்சுக்குள்ள இருந்த சரக்கு என்ன? கரையுற சரக்கா, கரையாத சரக்கா?

அதிகமாப் போடுறது ஹயலுரோனிக் அமில ஜெல். ஜூவிடெர்ம், ரெஸ்டிலேன் எல்லாம் இந்த வகை. நம்ம தோலுக்குள்ள இயல்பாவே இருக்கிற பொருள்தான். ஊறப்போட்ட ஜவ்வரிசி மாதிரி தண்ணியை இழுத்து வச்சுக்கும். இதைக் கரைக்க ஹயலுரோனிடேஸ்னு ஒரு நொதி ஊசி இருக்கு. கண் ஆபரேஷனுக்கு மரத்துப்போகப் போடுற ஊசியில கலக்கிறதும் இதுதான், அபூர்வ மருந்து ஒண்ணுமில்ல. ஆனா ரேடியஸ்ங்கிற பிராண்டுல இருக்கிறது கால்சியம் துகள், ஸ்கல்ப்ட்ராவுல இருக்கிறது பாலி லாக்டிக் அமிலம். இன்னும் சிலதுல பிளாஸ்டிக் மணியைப் பொடிசாக்கிக் கலந்திருப்பாங்க. எங்கயாவது திரவ சிலிக்கானையும் ஏத்திவிட்டுருதாங்க. இது எதுக்கும் அந்தக் கரைக்கிற ஊசி வேலை செய்யாது.

ஒரு தோல் டாக்டர் மேசையில இந்த டப்பாவை நானே கையில வாங்கிப் பாத்திருக்கேன். மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுதான் இருக்கும். உள்ள மருந்து ஏத்தின ஒரு மில்லி சிரிஞ்ச், ரெண்டு ஊசி, நாலா மடிச்ச தாள், அதோட உரிச்சு ஒட்டுற சின்ன ஸ்டிக்கர்கள். ஸ்டிக்கர்ல சரக்கோட பேரும், எந்தத் தொகுதியில தயாரானதுன்னு காட்டுற லாட் நம்பரும் இருக்கும். ஒண்ணை உங்க சிகிச்சைத் தாள்ல ஒட்டணும், இன்னொண்ணை உங்க கையில தரணும். இறக்குமதிச் சரக்குன்னா டப்பா மேல இறக்குமதி செஞ்சவங்க பேர், விலாசம், லைசென்ஸ் நம்பர் எல்லாம் அச்சடிச்சிருக்கணும். உங்களுக்கு அந்த ஸ்டிக்கர் தந்தாங்களா? தரலைன்னா நாளைக்கே போய்க் கேளுங்க. "டப்பாவைப் போட்டாச்சு, பேரு ஞாபகம் இல்ல"ன்னு பதில் வந்தா, அந்த வாசப்படியை மறுபடி மிதிக்காதீங்க.

இன்னொரு கணக்கும் பாருங்க. ரெண்டு சிரிஞ்சுன்னா ரெண்டு மில்லி. ஒரு டீஸ்பூன்ல பாதி கூட வராது. அதுக்கே ஆச்சி கண்டுபிடிச்சிட்டான்னா, தப்பு அளவுல மட்டும் இருக்காது. போட்ட இடமும் ஆழமும் பிசகியிருக்கு. சிரிக்கும்போது தசை அசையுது, அது மேல கிடக்கிற ஜெல்லும் சேர்ந்து மேல ஏறுது. தாடையில ஏத்தினா இது எப்படி இறங்கும்?

அந்த நீல வரி ஒரு நல்ல துப்பு. ஊதுபத்திப் புகை வெளிச்சம் பட்டா நீலமாத் தெரியும்லா, அதே சங்கதி. தெளிவான ஜெல் தோலுக்கு ரொம்ப மேலாக்க கிடந்தா அங்கன சிதறுற வெளிச்சம் நீலமாத் தெரியும், டிண்டால் விளைவும்பாங்க. பெரும்பாலும் ஹயலுரோனிக் ஜெல்லுலதான் இப்படி ஆகும், அதனால உங்களுக்குப் போட்டது கரையுற வகையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கருவளையம்னு நினைச்சு கிரீம் வாங்கித் தேய்ச்சுக் காசைக் கரைக்காதீங்க. "ஒரு வருஷத்துல தானாக் கரைஞ்சிரும்"னு சொன்னாலும் அதையே நம்பி உக்காந்திராதீங்க. கண்ணுக்குக் கீழ அசைவு கம்மி. அங்கன போட்டது சிலருக்கு வருஷக்கணக்கா அப்படியே கிடக்கு. போட்டு ரெண்டு வாரத்துக்குள்ளன்னா வீக்கமா இருக்கும், பொறுத்துப் பாக்கச் சொல்லலாம். நீங்க அந்தக் கட்டம் தாண்டி மாசக்கணக்காச்சு.

ஆச்சி கேட்ட குளவி விஷயத்துக்கு வாறேன். அவங்க கேலியாக் கேட்டதை, கரைக்கப் போனா டாக்டர் நிசமாவே கேப்பார்: "தேனீ, குளவி கொட்டி உங்களுக்கு எப்பவாவது உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டியிருக்கா?" அந்தப் பூச்சிகளோட விஷத்துலயும் ஹயலுரோனிடேஸ் இருக்கு. கொட்டினா ஒத்துக்காதவங்களுக்கு இந்த ஊசியும் ஒத்துக்காமப் போகலாம். நம்ம பக்கம் பனங்காடும் வயக்காடுமா வளந்தவங்க, கொட்டு வாங்காம யாரு இருக்கா? சும்மா வீங்கி வத்தினதுக்கு பயப்பட வேண்டாம். மூச்சு முட்டினது, மயங்கி விழுந்ததுன்னா மறைக்காமச் சொல்லிருங்க. அவசரம் இல்லாத நேரத்துல முன்கையில துளி போட்டு, இருபது முப்பது நிமிஷம் பாத்துட்டுத்தான் முகத்துக்குப் போகணும். "அதெல்லாம் தேவையில்ல, படுங்க"ன்னா எந்திரிச்சு வந்திருங்க.

கரைக்கிற ஊசி போட்ட அன்னைக்குக் கொஞ்சம் வீங்கும். ஒண்ணு ரெண்டு நாள்ல ஜெல் இறங்கினது தெரியும். மிச்சம் இருந்தா இன்னொரு தடவை போட வேண்டி வரலாம். "என் சொந்த முகமும் சேர்ந்து கரைஞ்சிருமோ"ன்னு நிறையப் பேர் பயப்படுதாங்க. இயல்பா இருக்கிறதும் கொஞ்சம் கரையும்தான். ஆனா அது உடம்பு தினமும் புதுசா உண்டாக்கிக்கிட்டே இருக்கிற பொருள், திரும்ப ஊறிரும். முதல் சில நாள் கன்னம் ஒட்டின மாதிரி இருக்கும். அந்த நேரம் பாத்து, "லேசா ஒரு சிரிஞ்ச் வச்சிருவோமா"ன்னு கேப்பாங்க. குறைஞ்சது ரெண்டு வாரம் கண்ணாடியோட பேசிட்டு முடிவு பண்ணுங்க.

யாரிடம் போறது? தோல் சிகிச்சையில மேல்படிப்பு படிச்சவர், இல்லன்னா பிளாஸ்டிக் சர்ஜன். அழகுக்கலை டிப்ளமோ சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தா, புருவம் திருத்த அங்க போங்க, ஊசிக்கு வேண்டாம். போட்டவரிடமே கரைக்கப் போறதுக்கு முன்னால வேறொருத்தர் கருத்தையும் கேளுங்க. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில தோல் பிரிவு இருக்கு, சீட்டு எழுதிக் காட்டலாம். வெக்கப்பட ஒண்ணுமில்ல, அவங்க பாக்காததா? என்ன சரக்குன்னே தெரியலைன்னா அல்ட்ராசவுண்டுல ஓரளவு அடையாளம் பாக்கலாம். ஆனா வயித்து ஸ்கேன் எடுக்கிற எல்லா இடத்துலயும் முகத்தைப் பாக்கத் தெரியாது, டாக்டர் அனுப்புற இடத்துக்குப் போங்க. கரையாத சரக்குன்னு தெரிஞ்சா, கட்டிக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போடுறது, கடைசியா அறுத்து எடுக்கிறதுன்னு வழி இருக்கு. எல்லாம் பொறுமையாச் செய்ய வேண்டிய வேலை.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு ஒரு சேதி. ஃபில்லர் போட்ட உடனேயோ, அன்னைக்கோ மறுநாளோ தாங்க முடியாத வலி, தோல் வெளிறிப் போறது, வலை பின்னின மாதிரி கருநீலத் திட்டு, பார்வை மங்கல், இதுல எது வந்தாலும் ஜெல் ரத்தக் குழாயை அடைச்சிருக்கலாம். இதுக்கு "காலையில பாப்போம்" கிடையாது. போட்ட டாக்டரை அந்த நிமிஷமே கூப்பிடுங்க, கிடைக்கலைன்னா சொணங்காம பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போயிருங்க. கரைக்கிற ஊசி நேரத்தோட விழுந்தா தோல் தப்பும். கண்ணுக்கு இன்னும் அவகாசம் கம்மி, நிமிஷக் கணக்குதான்.

கேள்வி: என் மனைவிக்கு மதுரையில ஒரு கிளினிக்கில் உதட்டுக்கு ஃபில்லர் போட்டோம். ஒரு பக்கம் கட்டி கட்டியாக இருக்கிறது. கேட்டால், "சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்கிறார்கள். பில்லும் தரவில்லை. வழக்குப் போட முடியுமா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முடியும். சம்மதப் படிவம்னா, "இன்னின்ன வரலாம்னு எனக்குச் சொன்னாங்க"ங்கிறதுக்கு அத்தாட்சி. அஜாக்கிரதையாப் போட்டாலும் கேக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்ததா ஆகாது. காசு வாங்கிச் செய்யுற மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு உச்ச நீதிமன்றம் 1995-லயே சாந்தா வழக்குல சொல்லியாச்சு.

இப்ப நடப்புல இருக்கிறது 2019-ஆம் வருஷச் சட்டம். பிரச்சினை வந்து 2 வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கணும். மதுரைக்கு அலைய வேண்டாம். நீங்க குடியிருக்கிற ஊர் ஆணையத்துலயே போடலாம், அதனால திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கொடுத்த பணம் 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையம்தான். 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்ல. இ-ஜாக்ரிதிங்கிற அரசுத் தளத்துல வீட்டிலிருந்தே பதியலாம். அதுக்கு முன்னால 1915-க்கு போன் போட்டுப் பாருங்க. தேசிய நுகர்வோர் உதவி எண், சமாதானமாப் பேசி முடிக்க முடியுமான்னு பாப்பாங்க.

பில் விஷயத்துல ஒரு சூட்சுமம் இருக்கு. காய்ச்சல் தலைவலி சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, அழகுக்காகப் பண்றதுக்கு அது கிடையாது. அதனாலதான், "பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுக்கிடுதோம்"னு ஆரம்பிக்கிறது. நாமளும் தலையாட்டிருதோம். பரவாயில்ல, ஜிபே அனுப்பின பதிவு, வாட்சப்ல நேரம் குறிச்ச சேதி, ஊசிக்கு முன்னயும் பின்னயும் எடுத்த போட்டோ எல்லாமே சாட்சிதான். ஒண்ணையும் அழிச்சிராதீங்க. சிகிச்சைக் குறிப்பு வேணும்னு எழுதிக் கேளுங்க. டாக்டர் 72 மணி நேரத்துக்குள்ள தரணும்னு மருத்துவக் கவுன்சில் விதி இருக்கு. கேட்ட கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி ரசீதை வைங்க. டாக்டர் மேலயே புகார்னா அது தனி, சென்னையில இருக்கிற தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போகணும்.

ஒண்ணு மட்டும் கசப்பாச் சொல்லிருதேன். "எதிர்பார்த்த அழகு வரலை"ன்னு மட்டும் போனா கேஸ் நிக்காது. கட்டி இருக்கு, அது இன்ன காரணத்தால வந்துதுன்னு இன்னொரு டாக்டர் எழுதிக் கொடுத்தா நிக்கும். முதல்ல மனைவியை ஒரு நல்ல தோல் டாக்டரிடம் காட்டுங்க. கரைக்கிறதுக்கு முன்னால பகல் வெளிச்சத்துல, பக்கவாட்டுல நின்னு போட்டோ எடுத்து வச்சுக்கிடுங்க. கரைஞ்ச பிறகு காட்ட ஒண்ணும் இருக்காது.

கேள்வி: ஊசியே இல்லாமல் உதட்டைப் பெரிசாக்கும் பேனா ஆன்லைனில் விற்கிறார்கள். ஜெல்லும் சேர்த்தே வருகிறது. தோழி போட்டுவிடுகிறேன் என்கிறாள். ஊசி இல்லாததால் ஆபத்து இல்லைதானே?
- கல்லூரி மாணவி, மேலப்பாளையம்

பதில்: ஊசிக்குப் பதிலா அமுக்கத்தால ஜெல்லைத் தோலுக்குள்ள பீச்சுற சாமான் அது. எவ்வளவு ஆழம் போகும், எங்க போய் நிக்கும்னு பிடிக்கிறவருக்கே தெரியாது. இதைப் பயன்படுத்தாதீங்கன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 அக்டோபர்லயே எச்சரிச்சிருக்கு. கூட வாற ஜெல்லுக்கு லாட் நம்பராவது இருக்கான்னு பாரும்மா. நாளைக்குக் கட்டி விழுந்தா எதைக் கரைக்கிறோம்னு டாக்டருக்குத் தெரியணும்லா. ஆர்டர் போட்டிருந்தா பிரிக்காமத் திருப்பி அனுப்பிரு. சேக்காளியிடம் கோவிச்சுக்கிட வேண்டாம், மருதாணி வைக்கச் சொல்லு.

கேள்வி: தேங்காய் எண்ணெய் தேய்த்தால் ஃபில்லர் கரையுமா?
- வாசகி, வள்ளியூர்

பதில்: கரையாது. எண்ணெய் மேலோட நிக்கும், ஜெல் கிடக்கிறது அடியில. அழுத்தித் தேய்ச்சா நகர்ந்து போய் வேற இடத்துல புடைச்சுக்கிட்டு நிக்கலாம். எண்ணெயைத் தலைக்கு வைங்க.