கவுன்சலர் என் மகனுக்குப் புத்தி சொல்வாரா?

பிளஸ் டூ முடித்த மகன் வீட்டில் வாயே திறப்பதில்லை, காரைக்குடியில் கவுன்சலரிடம் கூட்டிப்போனால் புத்தி சொல்லித் திருத்துவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். நபர்மைய முறையில், அதாவது வந்தவரையே மையமாக வைத்துக் கேட்கும் வழியில், பயிற்சி பெற்றவர் என்றால் புத்தி சொல்ல மாட்டார். அதற்குத்தான் நம் வளவில் ஆச்சி தொடங்கிப் பத்துப் பேர் இருக்கிறார்களே!

1940களில் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் தொடங்கிய வழி இது. வந்தவரை எடைபோடாமல் ஏற்பது, அவர் பக்கம் நின்று பார்ப்பது, தான் வேஷம் போடாமல் இருப்பது. இவை இருந்தால் ஆள் தன் வழியைத் தானே கண்டுகொள்வார் என்று நம்பினார். "அப்பச்சி கடையில உட்காரப் பிடிக்கலை" என்று பையன் சொன்னால், "அதை அவர்கிட்டச் சொல்லப் பயமா இருக்கா?" என்றுதான் பதில் வரும். பிறகு மௌனம். அதையும் அவசரப்படுத்த மாட்டார். பெரியவர்களுக்கும் இதே முறைதான்.

பையன் சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் காத்திருக்காதீர்கள்: அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் "உள்ளே என்ன பேசினே?" என்று துருவாதீர்கள்.