'மேலே வாரும்' என்ற பிறகு

ஐயா,

நான் பாலையூற்றில் இருக்கிறேன். கோயில் பாடகர் குழுவில் பாடுகிறேன். என் குரல் கொஞ்சம் கனம். கூட்டத்தோடு சேராமல் தனியாகக் கேட்கிறதாம். போன மாதம் பதிலுரைப் பாடலைத் தனியாகப் பாடினேன். பூசை முடிந்து வெளியே வர, உறவுக்கார அன்ரி ஒருவர் "தன்னை உயர்த்துகிறவர் தாழ்த்தப்படுவார், ஞாபகம் வச்சிரு" என்றார். அதிலிருந்து வாயசைப்பதோடு சரி. சொந்தக்காரருக்கே வாய்ப்புக் கொடுக்கிறார்கள் என்பது வேறு கதை. இணையத்தில் ஆளுமைச் சோதனை செய்து பார்த்தேன், 'ஒதுங்கும் சுபாவம்' என்று வந்தது. குழுவை விட்டு விலகவா?

வாசகி, திருகோணமலை

அன்புள்ள தங்கச்சி,

ஆளுமைச் சோதனையை விடுங்கள். சொந்தக்காரர் விவகாரம் எந்தப் பாடகர் குழுவில்தான் இல்லை? அதையும் விடுங்கள். அன்ரி சொன்ன வசனத்தைத்தான் என்னால் விட முடியாது. கொஞ்ச நாளாக அதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அது லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் வருகிறது. இயேசு அங்கே பாட்டைப் பற்றியோ திறமையைப் பற்றியோ பேசவில்லை. விருந்துக்கு வந்தவர்கள் முந்தியடித்து முதல் இடத்தைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். கடைசி இடத்தில் போய் உட்கார். சரி. அப்புறம்? வீட்டுக்காரர் வந்து 'நண்பரே, மேலே வாரும்' என்கிறார். இதை ஏன் யாரும் சொல்வதில்லை? கூப்பிட்ட பிறகும் 'வேண்டாம், நான் இங்கேயே இருக்கிறன்' என்று கதிரையைப் பிடித்துக்கொண்டிருப்பவரை என்ன சொல்வது? நம் கலியாண வீடுகளில் அப்படி ஒரு மாமா எப்போதும் இருப்பார். அவரைச் சமாதானப்படுத்தவே இரண்டு பேர் வேண்டும். பந்தி முழுக்க அவரைத்தான் பார்க்கும்.

என் சின்ன வயதில் எங்கள் கரையில் கரைவலை இழுக்கும்போது அம்பா, அதாவது வலை இழுக்கிறவர்கள் சேர்ந்து பாடும் பாட்டு, அதை எடுத்துக் கொடுக்கிற ஒருவர் இருந்தார். ஒடிசலான ஆள், இழுவையில் பெரிய பலம் கிடையாது. கயிற்றில் சாய்ந்துகொண்டு ஒரு வரியை நீட்டி விடுவார். மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்குகிற இடத்தில் எல்லாக் குதிகால்களும் ஒன்றாக மணலில் புதையும். அவர் இருமினால் கயிறு தளரும். அதே மனிதர் கோயிலில் கடைசித் தூணோடு ஒட்டி நிற்பார். ஒரு வருடம் பெரிய வெள்ளிக்கு, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாட்டைப் படிக்கச் சொல்லிப் பாதரே வீடு தேடி வந்தார். "எனக்கெங்க பாதர் பாட்டு வரும்" என்று அனுப்பிவிட்டார். ஊரே 'என்ன தாழ்ச்சி' என்று மெச்சியது. எனக்கு அன்றும் எரிச்சல், இன்றும் எரிச்சல். கரையில் இப்படிச் சொல்லியிருந்தால் வலை வந்திருக்குமா? அந்தக் குரலை அவர் கடையில் வாங்கவில்லை. கொடுத்தவர் வந்து கேட்கும்போது 'என்னிடம் இல்லை' என்பதற்குப் பெயர் பொய்.

தாழ்ச்சி என்பது உண்மையின் வழியில் நடப்பது என்றவர் அவிலா தெரேசா என்ற புனிதை, ஒரு கன்னியாஸ்திரி. அவர் மூலையில் உட்கார்ந்திருந்தவர் இல்லை. 1562-இல் ஒரு மடத்தைத் தொடங்கி, எதிர்ப்புக்கு நடுவே ஸ்பெயினில் மடம் மடமாகத் திறந்துகொண்டே போனவர். அவர் வேண்டாம், மாதாவைப் பாருங்கள். 'தம் அடிமையின் தாழ்நிலையைக் கண்ணோக்கினார்' என்று பாடிய அதே மூச்சில், இனி எல்லாத் தலைமுறையும் என்னைப் பேறுபெற்றவர் என்று சொல்லும் என்கிறார். அன்ரி பக்கத்தில் நின்றிருந்தால் மாதாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

இதைப் படித்துவிட்டு 'என் தனித்துவம், என் தனித்துவம்' என்று தொடங்கிவிடாதீர்கள். அதுவும் எனக்கு ஆகாது. அம்பாக்காரர் தன் குரலைக் காட்டப் பாடவில்லை, வலை வரவேண்டும் என்று பாடினார்.

நீங்கள் கேட்டது விலகவா என்று. வேண்டாம். வாயசைப்பதையும் நிறுத்துங்கள், பிள்ளை. பூசையில் என்ன நடிப்பு? சேர்ந்து பாடும்போது பக்கத்தில் நிற்பவரின் குரல் உங்கள் காதில் விழுகிற அளவுக்குப் பாடுங்கள். தனியாகக் கூப்பிட்டால் எழுந்து போங்கள். மைக்கை மட்டும் ஒரு சாண் தள்ளி வையுங்கள். குரல் தனியாகக் கேட்கிறது என்கிறார்களே, பாதிக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.