சுற்றுலா விசாவில் 12 நாள் கூடுதலாகத் தங்கிவிட்டேன். இனி வேலை விசா கிடைக்குமா?

உங்கள் கேள்வியிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: பார்வையாளர் விசாவில் அமெரிக்கா போனவர், அனுமதித்த நாளைத் தாண்டி 12 நாள் இருந்துவிட்டு, யாரும் வெளியேற்றாமல் சொந்தச் செலவில் திரும்பிவிட்டீர்கள். இப்போது ஒரு நிறுவனம் எச்-1பி (அமெரிக்க வேலை விசா) போடத் தயாராக இருக்கிறது, இங்கிலாந்திலும் வேலை தேடுகிறீர்கள். "அந்த 12 நாளைப் பற்றி வாயே திறக்காதீர்கள்" என்று ஏஜென்ட் சொல்கிறார்.

கிடைக்கும். 12 நாளுக்காக அமெரிக்கச் சட்டத்தில் நுழைவுத் தடை எதுவும் விழாது. ஆனால் ஏஜென்ட் சொன்னதைக் கேட்டால் விழக்கூடும், அதுவும் வாழ்நாள் தடையாக. ஆகவே தயவுசெய்து அந்த யோசனையை இன்றே விட்டுவிடுங்கள்.

முதலில், அது உண்மையிலேயே ஓவர்ஸ்டேதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவில் இருக்கும் தேதி, எதுவரை நாட்டுக்குள் நுழையலாம் என்பதற்கானது. எதுவரை தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் அதிகாரி தீர்மானிக்கிறார், அது ஐ-94 பதிவில் இருக்கும். விசா பத்து ஆண்டுக்குச் செல்லும் என்றாலும் ஐ-94 பெரும்பாலும் ஆறு மாதம்தான் தரும். பாஸ்போர்ட் அதற்கு முன்பே காலாவதியாகும் என்றால் அந்தத் தேதியோடு ஐ-94-ஐ வெட்டிவிடுவதும் உண்டு. ஆறு மாதம் இருக்கிறது என்று நம்பியிருந்தவர் நான்காவது மாதத்திலேயே விதிமீறலில் இருப்பது இப்படித்தான். நள்ளிரவு விமானமும் இதே மாதிரிச் சிக்கல்: 9-ஆம் தேதி கடைசி நாள் என்றால், 10-ஆம் தேதி அதிகாலை 12.30-க்குப் புறப்படும் விமானம் ஒரு நாள் தாமதம். எல்லைக் காவல் துறையின் ஐ-94 இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்தால் உங்கள் வருகை, புறப்பாட்டுப் பதிவுகள் வரும். அதைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, போர்டிங் பாஸோடு ஒப்பிடுங்கள். தரைவழியாக எல்லை தாண்டியவர்களுக்குப் புறப்பாட்டுப் பதிவு விடுபட்டிருக்க வாய்ப்புண்டு, அதை ஆதாரம் காட்டித் திருத்தச் சொல்லலாம்.

ஓவர்ஸ்டேதான் என்று உறுதியானால், விளைவு இப்படி வரும். ஒரே ஒரு நாள் தாண்டினாலும், எந்த விசாவில் போனீர்களோ அது தானாகவே செல்லாததாகிவிடுகிறது. குடியேற்றச் சட்டத்தின் 222(ஜி) பிரிவு சொல்வது அது. விசா ஸ்டிக்கரில் இன்னும் ஏழு ஆண்டு மிச்சமிருந்தாலும் அதை வைத்து விமானம் ஏறக் கூடாது. புது விசாவைப் பொதுவாக உங்கள் குடியுரிமை நாட்டில்தான் வாங்க வேண்டும், வேறு நாட்டுத் தூதரகத்துக்குப் போய் ஸ்டாம்பிங் செய்யும் (பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வாங்கும்) வழி அடைபட்டுவிடும். தடை என்பது வேறு. ஒரே தங்கலில் 180 நாளுக்கு மேல், ஆனால் ஓராண்டுக்குள் சட்டவிரோதமாக இருந்துவிட்டு வெளியேறினால் 3 ஆண்டு. ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் 10 ஆண்டு. 1996-இல் வந்த சட்டம் இது. உங்கள் 12 நாள் அந்தக் கோட்டுக்கு அருகில்கூட இல்லை.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சின்ன ஓவர்ஸ்டே அதிகமாக அடிப்பது வேலை விசாவை அல்ல, அடுத்த சுற்றுலா விசாவையும் மாணவர் விசாவையும்தான். அந்த இரண்டிலும் "இவர் திரும்பி வரமாட்டார்" என்றே சட்டம் தொடங்குகிறது, திரும்புவேன் என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. 214(பி) பிரிவில் விழும் நிராகரிப்புகள் அப்படி வருபவை. எச்-1பி, எல்-1 (நிறுவனத்துக்குள் இடமாற்றமாகிப் போவோருக்கான விசா) இரண்டுக்கும் அந்தச் சுமை கிடையாது. அதிகாரி உங்கள் நேர்மையையும் வேலையின் உண்மைத்தன்மையையும் பார்ப்பார். 12 நாளை நேராகச் சொல்லிவிட்டால், அது பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு முடியக்கூடிய விஷயம்.

இப்போது மறைப்பதைப் பற்றி. அமெரிக்க விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில், அனுமதித்த காலத்துக்கு மேல் எப்போதாவது தங்கினீர்களா, விசா நிபந்தனையை மீறினீர்களா என்ற கேள்வி நேரடியாகவே இருக்கிறது. "இல்லை" என்று குறித்துவிட்டு நேர்காணலுக்குப் போனால், அதிகாரியின் திரையில் உங்கள் புறப்பாட்டுத் தேதி ஏற்கெனவே இருக்கும். விமான நிறுவனங்கள் பயணிகள் பட்டியலை அரசுக்கு அனுப்பிவிடுகின்றன. விசா பெறுவதற்காக முக்கியமான உண்மையை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னதாக முடிவு செய்தால் 212(ஏ)(6)(சி) பிரிவின்படி நுழைவுத் தடை, அதற்குக் கால வரம்பு இல்லை. விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் அது அரசு மனம் வைத்தால் கிடைப்பது. அதுவரை எந்த நிறுவனம் காத்திருக்கும்? படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் பொறுப்பு உங்களுடையதுதான். அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே படியுங்கள்.

"ஆம்" என்று குறித்ததும் விளக்கம் எழுதப் பெட்டி திறக்கும். அங்கே கதை வேண்டாம், தேதிகள் போதும். உதாரணமாக: "2023 மார்ச் 10 அன்று பி-2 (சுற்றுலா) விசாவில் நுழைந்தேன். ஐ-94 செப்டம்பர் 9 வரை. செப்டம்பர் 5 அன்று அவசர அறுவை சிகிச்சை நடந்ததால் பயணம் செய்ய இயலவில்லை. மருத்துவர் அனுமதித்ததும் செப்டம்பர் 21 அன்று சொந்தச் செலவில் வெளியேறினேன். வேலை எதுவும் செய்யவில்லை." இந்தக் கடைசி வரி முக்கியம், ஆனால் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். கூடுதலாகத் தங்கியதைவிட, அந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்தது பெரிய மீறல். கையில் டிஸ்சார்ஜ் சம்மரி, மாற்றிய டிக்கெட், விமானம் ரத்தானால் விமான நிறுவனத்தின் கடிதம் ஆகியவற்றை வைத்திருங்கள். சரியான காரணமே இல்லையா? தேதியைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்பதே உண்மையென்றால் அதையே எழுதுங்கள். இல்லாத நோயை உருவாக்கினால் மேலே சொன்ன பிரிவுக்கே போய் நிற்பீர்கள்.

நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் மனு போடும் முன்பே சொல்லிவிடுங்கள். எச்-1பி மனு ஒப்புதலும் விசாவும் ஒன்றல்ல. மனுவை குடியேற்றச் சேவைத் துறை பார்க்கிறது, விசாவைத் தூதரகம் பார்க்கிறது. ஓவர்ஸ்டே இரண்டாவது இடத்தில்தான் எழும். முன்பே தெரிந்தால் வேலை தொடங்கும் தேதியில் கொஞ்சம் இடைவெளி விட்டுத் திட்டமிடுவார்கள்.

இங்கிலாந்து விஷயத்தில், அங்கேயே கூடுதலாகத் தங்கியவர்களுக்கு 30 நாள் கணக்கு. 2017 ஏப்ரல் 6-க்குப் பிறகு தொடங்கிய ஓவர்ஸ்டே 30 நாளுக்குள் இருந்து, சொந்தச் செலவில் தானாக வெளியேறியிருந்தால், அதற்காக மறுநுழைவுத் தடை போட மாட்டார்கள். அதைத் தாண்டினால் குறைந்தது 12 மாதம், விண்ணப்பத்தில் ஏமாற்றினால் 10 ஆண்டு. உங்கள் ஓவர்ஸ்டே அமெரிக்காவில் நடந்தது, அதனால் இந்தத் தடை உங்களைத் தொடாது. ஆனாலும் படிவம் பிற நாட்டு விசா வரலாற்றைக் கேட்கும் இடங்களில் அதே தேதிகளையே எழுதுங்கள். அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடியேற்றத் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன.

ஆஸ்திரேலியாவில் 28 நாளைத் தாண்டினால் பல தற்காலிக விசாக்களுக்கு மூன்றாண்டுத் தடை வரும். ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் (ஒரே விசாவில் போகக்கூடிய நாடுகளின் கூட்டம்) மாட்டுபவர்கள் பெரும்பாலும் கணக்கில் தவறியவர்கள். அங்கே மூன்று மாதம் கிடையாது, எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள், உள்ளே போன நாளும் வெளியேறிய நாளும் சேர்த்து. மார்ச் 1 நுழைந்தால் 90-வது நாள் மே 29. "மே 31 வரை இருக்கலாம்" என்று டிக்கெட் போட்டவர் இரண்டு நாள் ஓவர்ஸ்டே. 2025 அக்டோபர் 12 முதல் அங்கே மின்னணு நுழைவுப் பதிவு தொடங்கிவிட்டதால், முத்திரை தெளிவில்லை என்று தப்பிய காலம் போய்விட்டது.

இதைப் படிக்கும் வேறு யாராவது இன்னும் அந்த நாட்டுக்குள்ளேயே இருந்தால், ஒன்று செய்யுங்கள். கெடு முடியவில்லை என்றால் நீட்டிப்பு விண்ணப்பத்தை அதற்கு முன்பே போட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அமெரிக்காவில் ஐ-539 படிவம் அதற்குத்தான். கெடு முடிந்துவிட்டதா? கனடாவில் நிலையை மீட்டுத் தரக் கேட்க 90 நாள் உண்டு, இங்கிலாந்தில் நல்ல காரணம் இருந்தால் 14 நாளுக்குள் போட்ட விண்ணப்பத்தை ஏற்பார்கள். இரண்டும் இல்லாத நாட்டில் என்றால் கிடைக்கும் முதல் விமானத்தில் கிளம்புங்கள், போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.