ஊர்வலம் முடிந்த பிறகு என்ன செய்வது?

வணக்கம்.

திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். மார்ச் 22, தண்ணீர் தினத்துக்கு வருஷா வருஷம் ஊர்வலம், ஓவியப் போட்டி எல்லாம் நடக்கிறது. மறுநாள் குழாய் பழையபடி சொட்டுகிறது. பிள்ளைகளுக்கு உருப்படியாக என்ன வேலை கொடுக்கலாம்? மழைநீர்த் தொட்டி ஒன்றும் இருக்கிறது. மழை பெய்தால் வழிந்து ஓடுகிறதே தவிர, தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை.

*

அன்புள்ள டீச்சர்,

ஊர்வலம் மேலிடத்து உத்தரவாக இருக்கும், அது நடக்கட்டும். பிள்ளைகளிடம் அளக்கிற வேலையைக் கொடுங்கள்.

அந்தச் சொட்டுகிற குழாயிலிருந்தே தொடங்கலாம். அடியில் அளவுக் குவளையைப் பத்து நிமிடம் வையுங்கள். 100 மில்லி சேர்ந்தால் ஒரு நாளைக்கு 14.4 லிட்டர். பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும். மாற்றிய பின் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

மழைமானிக்கு இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் போதும். பக்கம் நேராக உள்ள இடத்தில் வெட்டி, மேல்பாதியைப் புனலாகக் கவிழ்த்துச் செருகுங்கள். பாட்டிலின் அடி மேடுபள்ளமானது, கணக்கு தப்புவது அங்கேதான். கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் என்று கோடு போடுங்கள். வெயிலில் தண்ணீர் குறையும், தினமும் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மரத்தடியும் சுவரோரமும் வேண்டாம். காலை 8.30-க்கு அளந்தால் வானிலைத் துறைக் கணக்கோடு ஒப்பிடலாம்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். 20 மீட்டருக்கு 8 மீட்டர் மொட்டைமாடியில் 25 மி.மீ. பெய்தால் 4,000 லிட்டர். உறிஞ்சியது, தெறித்தது போக 3,200 தேறும் என்று வையுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாராளமாகப் போடுகிற கணக்கு.

இனி உங்கள் தொட்டி. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஊரெங்கும் தொட்டி கட்டினோம். பராமரிக்க ஆள் வைக்கவில்லை. மேல்மணலில் மாடித் தூசியும் வண்டலும் படிந்து ஏடு கட்டியிருக்கும், தண்ணீர் இறங்காததற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், மேலே இரண்டு அங்குலம் மணலைச் சுரண்டி, அலசி, காயவைத்துத் திரும்பப் போடுங்கள். மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவே நைலான் வலை இல்லையென்றால் மணல் கீழே இறங்கி ஜல்லியை அடைத்திருக்கும். அப்போது முழுக்கப் பிரித்துத்தான் ஆகவேண்டும். இது பெரியவர்கள் வேலை, பிள்ளைகளைக் குழிக்குள் இறக்காதீர்கள். சுரண்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, இறங்க எத்தனை நிமிடம் என்று அவர்கள் குறிக்கட்டும். மாடியைப் பெருக்குவதும், முதல் மழையை வெளியே விட, மாடியிலிருந்து இறங்கும் குழாயின் அடியில் உள்ள மூடியைத் திறந்து வைப்பதும் மறக்கக்கூடாதவை.

பக்கத்தில் கிணறு இருந்தால், கைப்பிடிச் சுவரில் ஒரு குறி போட்டு, எடை கட்டிய கயிற்றால் வாரம் ஒருமுறை நீர்மட்டம் பாருங்கள், பெரியவர் ஒருவர் உடனிருக்க. மோட்டார் போடுவதற்கு முன் காலையில் அளக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால் மட்டம் இறங்கித்தான் தெரியும். மழை பெய்தும் கிணறு ஊறவில்லை என்று பிள்ளைகள் தப்பாக எழுதிவிடுவார்கள்.

இந்த அளவுகளை எழுதும் நோட்டு ஒன்றுதான் இருக்க வேண்டும், அதுவும் பள்ளியில். பத்தாம் வகுப்பு முடிந்து போகிறவர்கள் ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்காரர்களுக்கு அளந்து காட்டிவிட்டுப் போகட்டும் என்று சொல்லத் தோன்றும்; ஜூனில் அவர்கள் இருக்கமாட்டார்கள். கைமாற்றுவதை ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள்.