பையன் கேட்டதுதான் சரி, டீச்சர்

கேள்வி: நான்காம் வகுப்பு எடுக்கிறேன். பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று சொல்லிக்கொடுத்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு அது போதும்தானே? ஒரு பையன் மட்டும், “வெயில் அடிக்கும்போதே அரை நிலா தெரியுதுங்க டீச்சர், அப்ப நிழல் எங்கிருந்துங்க வரும்?” என்று மடக்குகிறான். அவனை எப்படிச் சமாளிப்பது?
– ஓர் ஆசிரியை, பரமத்தி வேலூர்

பதில்: சமாளிக்காதீர்கள். அவன் கேட்டதுதான் சரி. பூமியின் நிழல் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில்தான் விழும். ஆகவே அது நிலாவைத் தொடுவதென்றால் பௌர்ணமியன்று மட்டுமே முடியும். அதற்குப் பெயர் சந்திர கிரகணம்; சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறை வளர்ந்து தேய்ந்து திரும்ப 29½ நாள் ஆகிறது.

நிலாவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில்தான். அது பூமியைச் சுற்றிவர வர, அந்த வெளிச்சப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ அவ்வளவுதான் பிறை.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் புத்தகப் படங்கள். பூமியையும் நிலாவையும் ஒட்டி ஒட்டி வரைந்துவிடுகிறார்கள். 1 செ.மீ. என்றால் 1,000 கி.மீ. என்று வைத்துச் செய்து காட்டுங்கள். பூமிக்குச் சுமார் 13 செ.மீ. குறுக்களவில் உரித்த தேங்காய், நிலாவுக்கு 3.5 செ.மீ. எலுமிச்சை. இரண்டுக்கும் நடுவே 3 மீட்டர் 84 செ.மீ.; வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை போய்விடும். (சூரியன்? 14 மீட்டர் உருண்டை, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி.) எலுமிச்சை இருக்கும் இடத்தில் தேங்காயின் கருநிழல் 9 செ.மீ. அகலம்தான். நிலாவின் பாதையோ 5 டிகிரி சாய்ந்தது. சூரியனையும் பூமியையும் இணைக்கும் நேர்கோட்டுக்கு மேலேயோ கீழேயோ 34 செ.மீ. வரை விலகிப் போகும். பெரும்பாலான பௌர்ணமிகளில் கிரகணம் இல்லாதது இதனால்தான்.

அடுத்து, அந்தப் பையன் கையிலேயே எலுமிச்சையைக் கொடுங்கள். பளபளப்பு கண்ணைக் குழப்பும். சாக்பீஸ் தூளை நன்றாகப் பூசிவிடுங்கள். வளர்பிறை அட்டமி, மாலை 4 மணி, மைதானம். அன்று நிலா நண்பகலில் உதித்திருக்கும். 4 மணிக்குக் கிழக்கே நல்ல உயரத்தில் நிற்கும், சூரியன் மேற்கே. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, நிலாவுக்குப் பக்கத்தில் பழம் தெரியும்படி பிடிக்கச் சொல்லுங்கள். பழத்திலும் அதே பக்கம் அதே பாதி வெளிச்சம் தெரியும். பூமியின் நிழல் அந்தப் பக்கமே இல்லை. மரநிழலிலோ கட்டட நிழலிலோ நின்றால் ஒன்றும் தெரியாது. பழத்தின் மேல் நேர்வெயில் விழ வேண்டும்.

வகுப்புக்குள் டார்ச்சைச் சூரியனாக வைத்துச் செய்வீர்களானால் ஒரு எச்சரிக்கை. டார்ச்சுக்கு முதுகு காட்டிப் பௌர்ணமி நிலைக்கு வரும்போது பிள்ளையின் தலைநிழல் பழத்தில் விழும். “நான் சொன்ன நிழல்தான்” என்று பழைய தவறு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். பழத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

நிலாவின் மண் எப்படியிருக்கும் என்று பிள்ளைகள் கேட்டால் உங்கள் மாவட்டத்தையே காட்டலாம். நிலாவின் வெளுத்த மேட்டுநிலங்களில் இருப்பது பெரும்பாலும் அனார்த்தோசைட் என்ற பாறை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலையில் அதே வகைப் பாறை கிடக்கிறது. அதை அரைத்துத்தான் இஸ்ரோ சந்திரயான் சோதனைகளுக்குச் செயற்கை நிலா மண் தயாரித்தது.

ஆனி, ஆடியில் மைதானச் சோதனைக்கு நாள் குறிக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு மேகமும் வந்து மறைக்கும். தை, மாசி நல்லது. மாலையில் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள் என்றால் தேய்பிறை அட்டமியன்று காலை 8 மணிக்குச் செய்யுங்கள். அப்போது நிலா மேற்கே இருக்கும், வெளிச்சப் பாதி கிழக்கைப் பார்த்து.