ராட்டினத்துக்கும் போதைக்கும் நடுவே நிற்பவன்: கேள்வி பதில்

கேளிக்கைப் பூங்காக்களில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதல் ஆறு ஆண்டுகள் ராட்டினம் இயக்குபவனாக. மீதி ஆண்டுகள் பாதுகாப்புப் பிரிவில். இப்போது அஸ்தம்பட்டியில் வீட்டோடு இருக்கிறேன். குடித்துவிட்டு வரும் விருந்தினர்களைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன்; சேலம் வட்டாரத்திலிருந்து கேட்டுக் குவித்துவிட்டீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். ஒரு கடிதத்தில் வசவு மட்டுமே இருந்தது. அதைப் படித்துச் சிரித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

ஐயா, சிறிய பூங்கா ஒன்றில் ராட்டினம் இயக்குகிறேன். குடித்தவரை ஏற்றமாட்டேன் என்றால், “டிக்கெட் வாங்கியிருக்கிறேன், நீ யார் கேட்க?” என்று சட்டையைப் பிடிக்கிறார்கள். என்ன செய்வது? (ஓமலூர்)

தம்பி, நாற்பது பேர் பார்க்கும்போது மறுத்தால் எந்த மனிதனும் சட்டையைத்தான் பிடிப்பான். அவன் வரிசையின் வாலில் நிற்கும்போதே கண்டுபிடித்துவிடு. படியேறும் கால், செருப்பைக் கழற்றும் விதம், கைப்பேசியை லாக்கருக்குள் வைக்க எத்தனை முறை தடுமாறுகிறான் என்பது, இவை வாடையைவிட நன்றாகக் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் போய், “எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் அண்ணா, வண்டியை எந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறீர்கள்?” என்று கேள். இரண்டு பதில் வேண்டிய கேள்வி அது. தெளிவாக இருப்பவன் இரண்டையும் சொல்வான். போதையில் இருப்பவன் முதல் பதிலிலேயே தன் ஊர்ப் பெருமைக்குள் போய்விடுவான்.

“குடித்திருக்கிறீர்கள்” என்ற சொல்லை மட்டும் வாயிலிருந்து விடாதே. சொன்னால் பேச்சு “குடித்தேனா இல்லையா” என்ற வழக்காக மாறிவிடும். அந்த வழக்கில் நீ ஜெயிக்கப்போவதில்லை. “இந்த ராட்டினம் இன்று உங்கள் உடம்புக்கு ஒத்துவராது” என்று சொல். கூட்டத்தில் இருப்பவர்களில் மிகக் குறைவாகக் குடித்த நண்பன் ஒருவன் எப்போதும் இருப்பான். அவனைத் தனியே அழைத்துப் பேசு. நீ ஆளைத் தொடாதே. இன்னொரு ஊழியர் இரண்டடி தள்ளி, வாய் திறக்காமல் நிற்கட்டும். இரண்டு பேர் பேசினால் அது முற்றுகை. ஒருவர் பேச ஒருவர் நின்றால் அது மரியாதை.

அதையும் மீறி உட்கார்ந்துவிட்டானா? சுவிட்ச் உன் கையில் இருக்கிறது, ராட்டினத்தை ஓட்டாதே. ஐந்து நிமிடம் நின்றால் போதும், வரிசையே உனக்காகப் பேசும்.

நிர்வாகம் உன் பின்னால் நிற்காவிட்டால் இதில் எதுவும் பலிக்காது. ராட்டினத்தில் யார் ஏறலாம் என்பதில் இயக்குபவரின் சொல்லே கடைசிச் சொல் என்று எழுத்தில் இருக்கவேண்டும். எனக்கு மேல் இருந்த ஒருவர், “பரவாயில்லை, ஏற்று” என்று சொல்வார். “இந்தப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் சார்” என்று பேனாவை நீட்டுவேன். ஒருமுறைகூட அவர் பேனாவை வாங்கியதில்லை.

டிஸ்னி பூங்காக்களிலேயே மது விற்கும்போது நம் பூங்காக்கள் மட்டும் ஏன் பயப்படுகின்றன? வருமானம்தானே? (சூரமங்கலம், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்)

சார், டிஸ்னி எடுத்த எடுப்பில் விற்கவில்லை. 1955இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறந்தபோது உள்ளே மது கூடாது என்பது வால்ட் டிஸ்னியின் பிடிவாதம். பழைய திருவிழாத் திடல்களின் குடியும் கூச்சலும் தன் பூங்காவுக்குள் வரக்கூடாது என்று நினைத்தார். 1967இல் உறுப்பினர்களுக்கு மட்டுமான ஒரு கிளப்பில் மது பரிமாறினார்கள். பொதுமக்களுக்கு உள்ளே விற்கத் தொடங்கியது 2019இல்தான். ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்கா 1971இல் திறந்தது. அங்கே ஓர் உணவகத்தில் மட்டும், சாப்பாட்டோடு மட்டும், பீரும் ஒயினும் வந்தது 2012இல். அதே வளாகத்தின் எப்காட் பூங்கா 1982இல் திறந்ததிலிருந்தே விற்கிறது. அங்கே பதினொரு நாட்டு அரங்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கோப்பை என்று சுற்றிவருவதைச் சிலர் விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். பாரிஸில் 1992இல் ஒயின் இல்லாமல் திறந்தார்கள். சாப்பாட்டு மேசையில் ஒயின் இல்லையா என்று பிரெஞ்சுக்காரர்கள் முகம் சுளித்ததில் அடுத்த ஆண்டே இறங்கிவந்தார்கள். இன்னொரு பக்கம், ஃப்ளோரிடாவின் தம்பா நகரில் 1959இல் வந்த புஷ் கார்டன்ஸ் பூங்கா ஒரு பீர் ஆலையின் தோட்டமாகத்தான் பிறந்தது; வந்தவர்களுக்கு இலவசமாகவே பீர் ஊற்றினார்கள். ஆக, ஒவ்வொரு பூங்காவும் தன் ஊரின் மேசைப் பழக்கத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்திருக்கிறது.

நம் ஊர்ப் பழக்கம் வேறு. ஒயினைச் சோற்றோடு வைத்து ஒரு மணி நேரம் உறிஞ்சுகிறவர்கள் அல்ல நாம். நின்றுகொண்டே கவிழ்த்துவிட்டு வாயைத் துடைக்கிறவர்கள். அந்த வேகத்துக்குப் பிறகு ராட்டினம் வேண்டாம்.

வருமானம் என்றீர்கள். இந்தக் கணக்கைச் சேலம்தான் முதலில் போட்டது. ராஜாஜி இந்த ஊரில் வக்கீலாக இருந்தவர், 1917இல் நகராட்சித் தலைவரானவர். முதலமைச்சரானதும் 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வரி வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு போய்விட்டது, விற்பனை வரி மட்டும் பெயரை மாற்றிக்கொண்டு இன்னும் நம்மோடு இருக்கிறது.

ஒரே ஒரு பீர். அதற்குப் பிறகு சுற்றும் ராட்டினத்தில் ஏறினால் உலகம் அழிந்துவிடுமா? (பெயர் போடவில்லை)

உலகம் அழியாது. உங்களுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரின் சட்டை அழியும். உள்காதில் தலை சுழல்கிறதா இல்லையா என்று சொல்லும் திரவமும், அதனுள் ஒரு மெல்லிய தடுப்பும் இருக்கின்றன. சாதாரணமாக இரண்டுக்கும் ஒரே அடர்த்தி. மது அந்தத் தடுப்புக்குள் முதலில் புகுந்து அதை இலேசாக்கிவிடும். சும்மா படுத்திருந்தாலே கட்டில் சுற்றுவது அதனால்தான். அந்த நிலையில் மேலும் சுற்றுவதற்கு டிக்கெட் வாங்குவது ஏன் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஏற்காட்டில் சிறிய லாட்ஜ் நடத்துகிறேன். இரவெல்லாம் குடித்துவிட்டு விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். “தூங்கி எழுந்துவிட்டோம், தெளிந்துவிட்டது” என்கிறார்கள். தடுக்க எனக்கு என்ன உரிமை? (ஏற்காடு)

பூங்காவுக்கு வெளியே போகிற கேள்விதான். ஆனாலும் எனக்குப் பிடித்த கேள்வி. ஒரு கணக்குச் சொல்கிறேன், வரவேற்பு மேசையில் ஒட்டி வையுங்கள்.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் சாராயம். எடையில் ஏறக்குறைய 60 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் எரிப்பது ஏழெட்டு கிராம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், ஆனாலும் ஒரு குவார்ட்டர் முழுதாக வெளியேற எட்டு மணி நேரம் ஆகும். இரவு பன்னிரண்டுக்கு முடித்தவர் காலை ஆறு மணிக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறார் என்றால், கடைசிப் பெக்கைக் கூடவே அழைத்துக்கொண்டு இறங்குகிறார் என்று பொருள். குவார்ட்டரோடு நிறுத்தாதவரின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தூக்கம், குளிர்ந்த நீர், மோர், எலுமிச்சை, காபி எதுவும் கல்லீரலை விரட்டாது. மலைக்காற்றும்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. முதல்முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதைச் சொன்னால் அரைவாசிப் பேர் அடங்குவார்கள். மீதிப் பேருக்கு ஆசை காட்டுங்கள்: அறையைப் பதினொரு மணிக்குக் காலி செய்தால் போதும், சூடான இட்லி எங்கள் செலவு என்று சொல்லுங்கள். காரை முன்னிரவிலேயே மற்ற வண்டிகளுக்குப் பின்னால் உள்ளடங்கி நிறுத்தச் சொல்வது இன்னொரு தந்திரம். காலையில் வெளியே எடுக்கவே நேரமாகும். உள்ளூர் ஓட்டுநர்கள் இரண்டு மூன்று பேரின் எண் உங்களிடம் இருக்கட்டும். சாவியைப் பிடுங்க உங்களுக்கு உரிமை கிடையாது. ஆனால் தள்ளாடுகிறவர் வண்டியை எடுக்கிறார் என்று 112க்குச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு.

இரண்டு மகள்களோடு பூங்காவுக்குப் போனோம். அலைக்குளத்தில் குடித்தவர்கள் கூட்டமாக வந்து இடித்தார்கள். காவலரிடம் சொன்னால், “போதையில் இருக்கிறார்கள், நீங்கள் தள்ளிப்போய்க் குளியுங்கள்” என்றார். (அம்மாப்பேட்டை)

அம்மா, அந்தப் பதிலைச் சொன்ன காவலரைவிட அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்த நிர்வாகத்தின்மேல்தான் எனக்குக் கோபம். தானாகக் குடித்தவன், “போதையில் தெரியாமல் செய்துவிட்டேன்” என்பதைச் சட்டம் சாக்காக ஏற்பதில்லை. பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1998இலேயே தனிச் சட்டம் இருக்கிறது. பொது இடத்தில் குடித்துவிட்டுத் தொல்லை கொடுப்பதற்குப் பாரதிய நியாய சம்ஹிதை என்ற குற்றவியல் சட்டத்தின் 355ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. அதில் 24 மணி நேரம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். சிறிய தண்டனைதான், ஆனால் காவல் நிலையத்தில் ஓர் இரவு என்ற நினைப்பே பலருக்குப் போதும்.

அடுத்தமுறை குளத்தின் உயிர்காப்பாளரிடம் நேராகப் போங்கள். அலையை நிறுத்தும் பொத்தான் அவரிடம் இருக்கிறது. அலை நின்று, எல்லாத் தலைகளும் திரும்பிப் பார்க்கும்போது, அந்தக் கூட்டத்தின் துணிச்சல் தண்ணீரோடு வடிந்துவிடும். நான் இருந்த இடத்தில் இதை விதியாகவே வைத்திருந்தோம்: புகார் சொன்ன பெண் நகரவேண்டியதில்லை, புகாருக்கு உள்ளானவன் வெளியே வரவேண்டும். நல்ல பூங்காவில் பெண்களுக்குத் தனிப் பகுதியும் பெண் காவலரும் இருப்பார்கள். டிக்கெட் எடுக்கும் முன்பே கேளுங்கள். அந்தக் கேள்வி பத்துப் பேர் வாயிலிருந்து வந்தால் பதினொன்றாவது நாள் ஏற்பாடு நடந்துவிடும்.

பூங்காவில் காவலராக இருக்கிறேன். குடித்து விழுந்தவரை நிழலில் படுக்கவைத்துத் தெளியவிடுகிறோம். சரிதானா? (அயோத்தியாப்பட்டணம்)

என் வாழ்க்கையின் பெரிய தவறு இதுதான். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். பேச்சு குழறியது, சட்டை நனைய வியர்வை, கண்டபடி திட்டினார். நானே அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, “தெளியட்டும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். இருபது நிமிடம் கழித்து மகள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஓடிவந்தாள். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டவர். ராட்டின வரிசையில் நின்றதில் சாப்பிடவில்லை. ஒரு சொட்டு மதுவும் தொடாதவர். சர்க்கரை இறங்கியிருந்தது. பிழைத்துக்கொண்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

அன்றிலிருந்து எங்கள் முதலுதவி அறையில் சர்க்கரை பார்க்கும் கருவி இல்லாத நாள் கிடையாது. வாடையை நம்பாதீர்கள், சர்க்கரை மிக ஏறியவரின் மூச்சிலும் அழுகிய பழம் போல ஒரு வாடை வரும். உண்மையாகவே குடித்தவருக்கும் தலையில் அடிபட்டிருக்கலாம். வாய் கோணியிருக்கிறதா, இரண்டு கையையும் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். மயங்கியவரை மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள், வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தனியே விட்டுவிட்டு நகராதீர்கள், என்னைப் போல.

ஆடித் திருவிழாத் திடல்களில் ராட்டினம் ஓட்டுபவரே குடித்திருந்தால்? (கொண்டலாம்பட்டி)

ஏறாதீர்கள். குழந்தையையும் இறக்கிவிடுங்கள். அங்கே பணியிலிருக்கும் போலீஸிடம் சொல்லுங்கள். இதற்கு நீண்ட பதில் இல்லை.

நிலம் இருக்கிறது, பூங்கா தொடங்கப்போகிறேன். உள்ளே ஒரு பார் வைக்கலாமா? (ஆத்தூர்)

தமிழ்நாட்டில் டாஸ்மாக்குக்கு வெளியே மது பரிமாறும் உரிமம் பெரும்பாலும் கிளப்புகளுக்கும் நட்சத்திர விடுதிகளுக்கும்தான். 2023இல் மாநாட்டு மண்டபங்களிலும் விளையாட்டு அரங்குகளிலும் சிறப்பு உரிமத்தோடு பரிமாறலாம் என்று அரசு அறிவித்தபோது திருமண மண்டபமும் பட்டியலில் இருந்தது; எழுந்த எதிர்ப்பில் அதை உடனே நீக்கினார்கள். ராட்டினத்துக்குப் பக்கத்தில் பார் என்றால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விற்கும் நாடுகளில் எப்படி விற்கிறார்கள் என்பதைப் பார்த்தால் அது எவ்வளவு வேலை என்று தெரியும். ஒருவருக்கு ஒருமுறைக்கு இரண்டு கோப்பைக்கு மேல் தருவதில்லை. பூங்கா மூடுவதற்கு வெகு முன்பே ஊற்றுவதை நிறுத்துகிறார்கள். பிரிட்டனில் வாங்கும் வயது 18. ஆனாலும் 25க்குக் கீழே தெரிகிற எவரிடமும் கடைக்காரர் அடையாள அட்டை கேட்கிறார். நம் மாநிலத்தில் வயது 21.

என் கருத்து வேண்டுமா? பார் வேண்டாம், அந்தப் பணத்தைக் கார் நிறுத்துமிடத்தில் போடுங்கள். மது விற்காத பூங்காவின் பார் அங்கேதான் இருக்கிறது, கார் டிக்கிக்குள். வெளியே போய்த் திரும்பி வருபவரை முதல்முறை வருபவரைப் போலவே சோதியுங்கள். இளநீருக்குள் ஊசி போட்டு வோட்காவை ஏற்றிக் கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காய்க்கு விலை நாங்கள் கொடுத்து, வாசலிலேயே கவிழ்த்தோம். வேலை அங்கே சரியாக நடந்தால், ஓமலூர்த் தம்பியின் சட்டை கிழியாது.

அண்ணா, எட்டு நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போகிறோம். உள்ளே தொடமாட்டோம். மாலையில் வெளியே வந்து, ஏற்காட்டுக்கு ஏறிக் கொண்டாடுவோம். இதிலும் தப்பா? (ஐந்து ரோடு)

உள்ளே தொடமாட்டோம் என்றதற்கு நன்றி தம்பி. எட்டுப் பேரில் வண்டி ஓட்டப்போவது யார் என்று கேள்வியில் இல்லை. அதை எழுதி அனுப்புங்கள், பிறகு பதில் சொல்கிறேன்.