துருவக் கடல் ஆய்வு: நிரலையும் வெளியிட வேண்டுமா?

கேள்வி: அண்டார்க்டிக் கடற்பனியின் பரப்பைச் செயற்கைக்கோள் தரவுகளிலிருந்து கணக்கிடுவது என் முனைவர் பட்ட ஆய்வு. கட்டுரையோடு கணினி நிரலையும் வெளியிடுமாறு ஆய்விதழ் கேட்கிறது. தரவுகள் எவருக்கும் கிடைப்பவை. செய்முறையையும் கட்டுரையில் விளக்கியிருக்கிறேன். அவசரத்தில் எழுதிய, ஒழுங்கில்லாத நிரலை வெளியிடத்தான் வேண்டுமா?
– ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: வெளியிடத்தான் வேண்டும். கடலைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தின் பரப்பில் 15 சதவீதமோ அதற்கு மேலோ பனி இருந்தால் அந்தக் கட்டம் முழுவதையும் பரப்பில் சேர்ப்பது வழக்கம். இதைக் கட்டுரையில் எழுதியிருப்பீர்கள். ஆனால் 25 கிலோமீட்டர் கட்டங்கள் என்று சொல்லப்படுபவை உருண்டையான பூமியைத் தட்டையாக வரைவதால் நேரும் வரைபடத் திரிபின் காரணமாக ஒரே பரப்புடையவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் உரிய பரப்பை எடுத்துக்கொண்டீர்களா, எல்லாவற்றையும் 625 சதுர கிலோமீட்டர் என்று கொண்டீர்களா? கரையோரத்தில் நிலத்தின் நுண்ணலைக் கதிர்வீச்சு கலந்து, இல்லாத பனி இருப்பதாகக் காட்டுமே, அதை எப்படி நீக்கினீர்கள்? 1987 டிசம்பர் தொடங்கி மறு மாதம் வரை தரவு விடுபட்ட நாள்களை எதைக்கொண்டு நிரப்பினீர்கள்? இவற்றுக்கெல்லாம் ஐயமற்ற விடை உங்கள் நிரலில்தான் இருக்கிறது.

உங்கள் துறையிலேயே இதற்குச் சான்று உண்டு. அண்டார்க்டிக் கடற்பனியின் பரப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்ற வகையில் 2007-இல் கூறிய ஐ.பி.சி.சி. (ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு) அறிக்கை, 2013-இல் தெளிவான அதிகரிப்பு இருப்பதாகக் கூறியது. இடைப்பட்ட ஆண்டுகளின் பனி மட்டுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணமன்று என்பதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரே தரவுத்தொகுப்பின் பழைய, புதிய பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது, 1991 டிசம்பரில் ஒரு செயற்கைக்கோள் உணரியிலிருந்து (அளவிடும் கருவியிலிருந்து) அடுத்ததற்கு மாறிய இடத்தில் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு திடீரென்று தாவியிருந்தது. உணரிகளை ஒன்றோடொன்று பொருத்தும் கணக்கில் நேர்ந்த ஒரு மாற்றம், ஒரு பெருங்கடலின் போக்கைப் பற்றிய முடிவையே அசைத்துவிட்டது. பழைய பதிப்பு அழிந்துபோயிருந்தால் இந்த ஒப்பீடே நடந்திருக்காது.

ஒழுங்கின்மை குறித்து வருந்த வேண்டாம். கட்டுரையின் படங்களை உருவாக்கிய அதே நிரலே போதும். அழகுபடுத்தப் போய் வேறொன்றை வெளியிடுவதுதான் தவறு. எந்தக் கோப்பை முதலில் இயக்க வேண்டும், தரவின் எந்தப் பதிப்பு, எந்த நாளில் பதிவிறக்கியது, எந்த மென்பொருள் தொகுப்புகள் தேவை என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதிச் சேருங்கள். நிரல்களைப் பகிரும் இணையதளமான கிட்ஹப்பில் இடுவது வசதிதான். ஆயினும் அங்கே எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நீக்கலாம் என்பதால், கட்டுரைக்குப் பயன்பட்ட பதிப்பை ஸெனோடோ போன்ற ஆய்வுக் களஞ்சியத்தில் சேமித்து, அது தரும் டி.ஓ.ஐ. எனும் நிலையான அடையாள எண்ணைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள். நிரலைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று கூறும் உரிமம் ஒன்றையும் இணையுங்கள். அது இல்லாவிட்டால் பிறர் நிரலைப் பார்க்கலாமே தவிர, தயக்கமின்றி எடுத்தாள இயலாது.

வெளியிடுமுன் தரவிறக்கத்துக்கான கடவுச்சொல் நிரலுக்குள் எங்கேனும் இருக்கிறதா என்று, பழைய பதிப்புகள் உட்பட, தேடிப் பாருங்கள். ஆய்வுக்குழுவின் மற்றவர்கள் எழுதிய பகுதிகள் கலந்திருந்தால் அவர்களின் ஒப்புதலைப் பெற்று, அவர்கள் பெயரையும் நிரலின் ஆசிரியர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.